ஸ்ரீ செத்தியா வந்தால் ஐம்பத்தாறு

"கோபம் வந்தா என்ன செய்வீங்க, சார்?"

முதல் கேள்வியே இப்படி வந்து விழும் என்று ஞானசம்பந்தம் எதிர்பார்க்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் தேர்வுக் குழு. நடுவில் தலைவி விஷ்ணுப்ரியா, வலப்பக்கம் ஷபானா, இடப்பக்கம் குரு. மூவர் முன்னாலும் ஒரு கோப்பை மைலோ. குருவின் முன்னால் கூடுதலாக, உருளைக்கிழங்கு திணித்த ஒரு கறிபாப்.

முப்பத்தாறு ஆண்டுகள் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியர் அவர். அவர் வகுப்பில் கொசுகூட அனுமதி கேட்டுத்தான் பறக்கும். அவர் இருமினால் பக்கத்துத் தெருச் சீனப்பள்ளியிலும் எழுந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு இன்று உள்ளங்கை வேர்த்தது.

காரணம் வீட்டில் இருந்தது. ஓய்வு பெற்ற நாலே மாதத்தில் செருப்புகளை உயர வரிசைப்படி நிறுத்தினார். பூனைக்கு வருகைப் பதிவேடு போட்டார். ரசத்துக்கு நூற்றுக்கு நாற்பத்திரண்டு கொடுத்த அன்று, மனைவி வள்ளியம்மாள் தன் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டாள்.

"போய் எங்கயாச்சும் ஒரு வேலை தேடிக்குங்க. இல்லன்னா நான் டெங்கில்ல இருக்கற மக வீட்டுக்குப் போறேன்!"

தேடியதில் கிடைத்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடை மாடியில், இந்தக் கற்றல் மையம். சீருடை கிடையாது, மணி கிடையாது, பரீட்சை கிடையாது. அதை நடத்துகிற ரமணி போனிலேயே எச்சரித்திருந்தார்: "வாத்தியார எடுக்கறது என் கையில இல்ல, சார். குழு முடிவுதான் முடிவு. நீங்களாச்சு, அவங்களாச்சு. உள்ள போய் கத்திடாதீங்க லா."

"அப்பல்லாம் கோபம் வந்தா ரோத்தான் பிரம்ப எடுப்பேன்," என்றார் உள்ளதை உள்ளபடி. "இப்போ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன்."

"எது வரைக்கும்?"

"அது கோபத்தப் பொறுத்தது."

தலைவியின் பென்சில் தாளில் நெடுநேரம் ஓடியது.

"பிள்ளைங்களுக்கு உக்காரப் பிடிக்கலன்னா?"

"ஒரு பார்வை பார்ப்பேன். தானா உக்காந்துடும்."

"எங்க, பாருங்க."

பார்த்தார். கிள்ளானில் எத்தனையோ கால்சட்டைகளை நனைத்த பார்வை அது. ஷபானா சிரித்த சிரிப்பில் மைலோ மூக்கில் ஏறிவிட்டது.

"ஒண்ணுக்குப் போகணும்னா எத்தன தடவ விடுவீங்க?" இது குரு, வாய் நிறையக் கறிபாப்போடு.

"ஓய்வு நேரத்துல மட்டும்தான்."

குழு மொத்தமும் அவரைக் கொலைகாரனைப் போலப் பார்த்தது.

"இங்க எத்தன தடவ வேணும்னாலும்!" என்று அவசரமாகத் திருத்தினார்.

"உங்க கிளாஸ்ல நிறைய டவுட் கேப்பாங்களா, சார்?" என்றது ஷபானாவின் குரல்.

"என் கிளாஸ்ல யாருக்கும் டவுட்டே வராது!" நெஞ்சை நிமிர்த்தினார்.

"வராதா? இல்ல, கேக்க பயமா?"

சுருக்கென்றது. முப்பத்தாறு ஆண்டுகளில் எந்தப் பள்ளி ஆய்வாளரும் கேட்காத கேள்வி.

"பயம்தான்," என்றார் மெல்ல.

கூடவே ரோஷமும் வந்தது. "ஆனா என்கிட்ட படிச்சவனத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வாய்ப்பாடு சொல்வான். இங்க எப்படி? ஏழெட்டு எவ்வளவு? சொல்லுங்க பார்ப்போம்!"

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷபானாவின் விரல்கள் மேசைக்கடியில் நகர்ந்தன. குருவின் கவனம் கறிபாப்பின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"இங்க யாரும் மனப்பாடம் பண்ணச் சொல்ல மாட்டாங்க," என்று தலைவியிடமிருந்து மிடுக்காகப் பதில் வந்தது. "ரோத்தான் இல்லாம, பார்வையும் இல்லாம அதச் சொல்லித் தருவீங்களா? இப்பவே செஞ்சு காட்டுங்க."

வேலை கைநழுவுவது தெரிந்தது. வாசலில் இருந்த பெட்டி கண்முன் வந்தது. காலையில் கிள்ளானில் ஏறி வந்த கொமுட்டர் ரயிலும் வந்தது.

எழுந்தார். முழங்கைகளை மடக்கிச் சக்கரமாக்கினார். கூவினார் பாருங்கள் ஒரு கூவல், கே.எல். சென்ட்ரலில் பாதிப் பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்!

"கிள்ளான் ஏழு! புக்கிட் பாடாக் பதினாலு! பாடாங் ஜாவா இருபத்தொண்ணு! ஷா ஆலாம் இருபத்தெட்டு!" நிலையத்துக்கு ஏழு கூடிக்கொண்டே, மேசையைச் சுற்றி ரயில் ஓடியது. "பத்து தீகா முப்பத்தஞ்சு! சுபாங் ஜெயா நாப்பத்திரெண்டு! செத்தியா ஜெயா நாப்பத்தொம்பது!"

மூச்சு வாங்க, அடுத்த நிலையத்தில் பிரேக் போட்டு நின்றார். "ஸ்ரீ செத்தியா?"

"ஐம்பத்தாறு!" குழு மொத்தமும் அலறியது. கறிபாப் தரையில் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு மூன்று தலைகளும் ஒன்றுகூடிக் குசுகுசுத்தன. ஞானசம்பந்தம் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார். மூன்று கைகள் மேலே உயர்ந்தன.

"வேலை உங்களுக்குத்தான், சார். திங்கக்கிழமை வாங்க. கோபம் வந்தா மட்டும் எங்ககிட்ட முதல்லயே சொல்லிடணும்."

"சொல்லிடறேன்! கண்டிப்பா சொல்லிடறேன்!" வள்ளியம்மாளுக்கு உடனே போன் போட வேண்டும் போல இருந்தது அவருக்கு.

"இப்ப ஒரு சின்ன வேலை இருக்கு, செய்வீங்களா?" என்றபடியே தலைவி விஷ்ணுப்ரியா நாற்காலியிலிருந்து தொப்பென்று குதித்து, முன்பல் இரண்டும் விழுந்த வாயால் சிரித்து, காலை நீட்டினாள். "ஷூ லேஸ் கட்டி விடுங்க, சார். எனக்கு இன்னும் கட்டத் தெரியாது."

கிள்ளானையே நடுங்கவைத்த ஞானசம்பந்தம், அந்த ஏழு வயதுத் தலைவியின் முன்னால் சந்தோஷமாக மண்டியிட்டார்.