மொட்டு கிள்ளும் விரல்கள்

மாலை வெயில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் கூரைத் தகரத்திலிருந்து வழுக்கி வாசலிலுள்ள காட்டுத்துளசியில் விழுகிறது. பூத்தால் தேனீ வரும் என்று, கொழும்புக்கு வேலைக்குப் போகுமுன் மகள் நட்டுவைத்த செடி. கொழுந்தெடுக்கும் வேலையிலிருந்து நின்றுவிட்ட பேச்சியம்மா அதனருகே குந்தியிருக்கிறாள். “அக்கா, இன்னும் பூக்கலீங்களா?” கொடியில் காய்ந்த துணி எடுக்கும் பக்கத்து வீட்டுத் தர்ஷினி கேட்கிறாள். “இல்லம்மா. பொழுதுக்கும் கூடவேதான் இருக்கேன்.” தர்ஷினி உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். பேச்சியம்மா குனிந்து பார்க்கிறாள். மடி நிறையத் துளசி நுனிகள். மலையில் பழகிய விரல்கள் தம்பாட்டுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிப் போட்டிருக்கின்றன. கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறாள். எங்கிருந்தோ வந்த ஒரு தேனீ வெறும் செடியைச் சுற்றிவிட்டு, அவள் மடியில் இறங்குகிறது. “கொஞ்சம் இருந்துட்டுப் போ” என்கிறாள், அசையாமல்.