மூக்கு தூக்கிய வண்டி

"இருக்கறதிலேயே மெத்துனு இருக்கற ஸ்பிரிங்கா குடு டுவெய்ன். வண்டியோட முன்பக்கம் தாழணும்," என்றாள் நடீன்.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் பழைய கார்களுக்குப் பாகம் விற்கிறவன் டுவெய்ன். "அந்த அறுபத்தொன்பதாம் வருஷத்து ஷெவெல் காருக்குத்தானே? உங்க வீட்டுக்காரர் வெர்னன் அனுப்பினாரா?"

"அவருக்குத் தெரியாது. படுத்துக்கிட்டே ஜன்னல் வழியா வண்டியைத்தான் பாத்துட்டிருக்காரு. 'நான் போட்ட ஸ்பிரிங்காச்சே, மூக்கு ஏன்டி தூக்கிட்டு நிக்குது?'ன்னு ஒரே புலம்பல்."

"வெர்னன் தப்பா போட மாட்டாரே! பெரிய இன்ஜினைத் தாங்கணும்னு கெட்டி ஸ்பிரிங்கா என்கிட்டதான் வாங்கினாரு. மெத்துனு போட்டா, அந்தக் கனத்துக்கு மூக்கு தரையில இடிக்கும்."

"இடிக்கட்டும்."

"ஓட்டவே முடியாது மேடம்!"

"பரவாயில்ல."

டுவெய்ன் எரிச்சலோடு ஒரு மெத்தென்ற ஸ்பிரிங்கை எடுத்து வைத்தான். "இன்ஜின் கனம் பாக்காம ஸ்பிரிங் குடுத்தா, வெர்னன் எழுந்து வந்து என்னை உதைப்பாரு. இப்ப அதுல என்ன இன்ஜின்தான் இருக்கு?"

நடீன் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணுமே இல்ல. அவர் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, பில் கட்டறதுக்காக இன்ஜினை வித்துட்டேன். கனம் போனதும் மூக்கு தூக்கிக்கிச்சு."

டுவெய்ன் அந்த ஸ்பிரிங்கை மறுபடி அலமாரியில் வைத்தான்.

"இது வேண்டாம். பனிக்காலத்துல வண்டி வழுக்காம இருக்க டிக்கியில போடற மணல் மூட்டை நெறைய கெடக்கு. அவர் தூங்கறப்ப வந்து, இன்ஜின் இருந்த எடத்துல பலகை போட்டு அடுக்கிடறேன். மூக்கு தாழ்ந்துடும். ஆனா பலகை ரொம்ப நாள் தாங்காது."

"தாங்கும் டுவெய்ன். பனி விழற வரைக்கும்கூட அவரு இருக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு."