மேப்பிள் மரத்து வைரவர்

சூலத்தை நட்டது மகேந்திரராசாதான். வைரவருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, சனத்துக்குத் தெரியக்கூடாது என்று விடியற்காலமை போய் மேப்பிள் மரத்தடியில் குத்திவிட்டு வந்தார்.

மெய்யான சூலமும் இல்லை. தோட்டத்தில் மண் கிளறுகிற, மூன்று பல்லு வைத்த முள்ளு. மனுசி ஞானாம்பிகையின் பழைய சிவப்புச் சீலையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றி, குங்குமத்தையும் அப்பிவிட்டால் ஆர் கண்டது?

எல்லாம் அந்த மரம் நிற்கிற வெறுங்காணியைக் காப்பாற்றத்தான்.

மொன்றியலிலிருந்து பாலம் தாண்டி முக்கால் மணித்தியாலம் ஓடினால் வருகிற குட்டிக் கிராமம் அது. ஊரைச் சுற்றிப் பச்சை நிலம். அதிலே வீடு கட்டக்கூடாதென்பது சட்டம். அதை விசாரித்துவிட்டுத்தான் மகேந்திரராசா பென்சன் எடுத்த கையோடு இங்கே வீடு வாங்கினார். இப்போது ஒரு கட்டடக் கொம்பனி வந்து, சட்டத்தை மாற்றுங்கோ, நாற்பது வீடு கட்டுகிறோம் என்கிறது. ஊர்ச்சபையும், சனம் ஓம் என்றால் மேலிடத்துக்கு எழுதுகிறோம் என்று கூட்டத்துக்கு நாள் வைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்னெஸ்தான் எதிர்ப்புக்குத் தலைவி. அவவிடம் மகேந்திரராசா காணிக் குளத்துத் தவளை, குருவி, சுத்தக் காற்று என்று உருகி உருகிக் கதைப்பார். மனுசனுக்குத் தவளையைக் கண்டாலே பயம்.

உண்மை வேறு. மொன்றியலில், தமிழ்ச் சனம் நிறைந்த பார்க் எக்ஸ்ரென்சனில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பக்கத்துத் தெருத் தியாகராசா வந்து கதவைத் தட்டுவார். இவருடைய மகன் வினோஜனுக்கு ஏன் இன்னும் கலியாணம் சரிவரவில்லை, பிறெஷருக்கு என்ன குளிசை விழுங்குவது, டொக்டர் அதை ஏன் கூட்டினவர் என்று வீட்டு விசயமெல்லாம் விடுப்புக் கேட்டே உயிரை எடுப்பார். அந்த ஆக்கினையிலிருந்து தப்பத்தான் இவர் பாலம் தாண்டினது. நாற்பது வீடு வந்தால் நாலு வீட்டுக்காவது தமிழ்ச் சனம் வரும். தமிழ்ச் சனம் வந்தால் தியாகராசாவும் வருவார்.

ஞானாம்பிகைக்குக் கார் ஓடத் தெரியாது. பிரெஞ்சும் பொன்ஜூர், மெர்சியோடு முடிந்துவிடும். அக்னெஸைக் கண்டால் வேலிக்கு மேலால் ஒரு சிரிப்புச் சிரிப்பா. பிறகு உள்ளே வந்து தமிழ் ரேடியோவைப் போட்டுவிட்டு இருப்பா. வீடு எவ்வளவு அமைதி என்று மகேந்திரராசாவுக்குச் சந்தோசம்.

கனடாவில் கும்பிடுகிற இடம் என்று ஒரு சொல் விழுந்தால் கொம்பனிக்காரன் ஓடிவிடுவான் என்பது அவருடைய யோசனை. அக்னெஸை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். இது எங்கள் காவல் தெய்வம், தானாக வந்திருக்கிறார், இனி இந்தக் காணியில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று சொன்னார். அவவும் நெஞ்சில் சிலுவை போட்டு நம்பிவிட்டா.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு கார் வந்தது.

அதற்கடுத்த வெள்ளி தெரு முடியுமட்டும் கார். பாதி மொன்றியல் வடைமாலையோடும் தேங்காயோடும் மரத்தடியில் நின்றது. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி ஜொய்சிகூட வைரவருக்கு மெழுகுதிரி கொளுத்தினா. ஜொய்சி வேறு ஆருமில்லை, தியாகராசாவின் மனுசிதான். அவவுக்குப் பின்னாலே தேங்காயோடு நின்றவர் மகேந்திரராசாவைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"அண்ணை, இப்பிடியொரு இடத்தை எங்களுக்கு ஒளிச்சுப்போட்டியளே," என்றார் தியாகராசா. பிறகு காதுக்குள் குனிந்து, குளிசை இப்பவும் அதேதானோ என்று கேட்டார்.

நம்மடை சனத்தைத் தெரியும்தானே. கோயிலடியில் வீடு என்றால் விடுவார்களோ? கொம்பனிக்கு ரெலிபோனுக்கு மேலே ரெலிபோன். கட்டாத நாற்பது வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது.

கூட்டத்தன்று மகேந்திரராசா மனுசியையும் கூட்டிக்கொண்டு, அக்னெஸைத்தான் மலைபோல நம்பிப் போனார். அக்னெஸோ இரண்டு வெள்ளியும் வடை தின்ற மனுசி. எழும்பி, இந்த ஊருக்கு இதுவரைக்கும் ஒருவரும் பலகாரத்தோடு வந்ததில்லை, அந்த மரத்தையும் தவளைக் குளத்தையும் விட்டுவிட்டு மற்றப் பக்கத்தில் கட்டட்டும் என்று சொல்லிவிட்டு இருந்தா. சனம் கைதட்டியது.

அது என்ரை முள்ளு என்று கத்த மகேந்திரராசாவுக்கு வாய் உன்னியது. கத்தினால் முன் வரிசையில் இருந்த தியாகராசா அந்தக் கதையை ரொறன்ரோ மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கோதாரி என்று முணுமுணுத்துவிட்டு இருந்தார்.

காரில் ஏறியதும் அடக்க முடியவில்லை.

"இஞ்சை பாரும், அது வைரவருமில்லை, ஒண்டுமில்லை. நான் நட்ட முள்ளு," என்றார்.

"தெரியும்," என்றா ஞானாம்பிகை. "என்ரை சீலையைக் கிழிச்சா எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீரோ? அப்ப மொன்றியல் முழுக்க ஆர் சொன்னது?"

"நான்தான். ஜொய்சிக்குத்தான் முதல் ரெலிபோன் எடுத்தனான்."

மகேந்திரராசா காரை ஓரங்கட்டி நிற்பாட்டிவிட்டார்.

"நாலு வருசமா ரேடியோவோடைதான் கதைக்கிறன்," என்றா அவ. "முள்ளெண்டு தெரிஞ்சும் அதுக்கு முன்னாலை போய் நிண்டு, கதைக்க ஒரு ஆளைத் தா எண்டு அழுது கேட்டனான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். வீடு அமைதியாக் கிடக்கு, ரேடியோவைக் குறையும் எண்டனீங்கள்."

மகேந்திரராசா காரைத் திரும்ப எடுத்தார். பிறகு மெல்ல, சரி, ஜொய்சி குடும்பம் வந்தால் வரட்டும், வீட்டை மட்டும் ஊரின் அந்தக் கடைசித் தொங்கலில் எடுக்கச் சொல்லும் என்றார்.

ஞானாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டா.

"எங்கடை வேலியோடை வாற முதல் வீடுதான் அவைக்கு. வந்து போக இடையிலை ஒரு படலையும் வைக்கிறதெண்டு கதைச்சாச்சு."