பால் விடாத டீ

"ஊருக்கெல்லாம் ஒரு டீ, அந்த டிரைவருக்கு மட்டும் வேற டீயா?"

மூட்டைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். கிடங்கு வாசலில் டீக்கடை போட்டிருந்த அவர் மனைவி, பால் விடாத டீயில் இஞ்சியைத் தட்டிப் போட்டபடி சொன்னாள்:

"அந்தத் தம்பிக்குப் பால் ஒத்துக்காதுங்க."

"ஏனாம்?"

"பால்ல ஒரு சர்க்கரை இருக்காம். அதை உடைக்கிற சாறு சிறுகுடல்ல சுரக்கணுமாம். குழந்தையில நல்லா சுரக்கும், வளர்ந்தப்புறம் சிலருக்குக் குறைஞ்சிடுமாம். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிச்சு, காத்துக் கட்டி, வயித்தைக் கலக்கிடுமாம்."

"அவன் குடல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கியே!"

அவள் சிரித்தாள். அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரைவர் வாட்டசாட்டமானவன். வேலைக்கு வந்தே நாலு நாள்தான். வாய் நிறைய 'அண்ணி, அண்ணி' என்கிறான். கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கலாம் என்றால் இவர் வயிறு விடவில்லை. கிடங்குத் தண்ணீர் சரியில்லையோ என்னவோ, மூட்டையைப் பாதியில் போட்டுவிட்டுக் கக்கூஸுக்கு ஓட வேண்டியிருந்தது. "இன்னொரு தடவை ஓடினா, அப்படியே வீட்டுக்கு ஓடிடு" என்று மேஸ்திரி சொல்லியாகிவிட்டது.

டிரைவர் வந்து டம்ளருக்குக் கை நீட்டினான். மூட்டைக்காரர் வெடுக்கென்று அதைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"இனிமே இவனுக்கு என்ன போடுறியோ, அதுதான் எனக்கும். வீட்டுலயும்தான்!"

"என்னமோ பண்ணுங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம், எதிர்த்தெருப் பால்கடையில் அந்தக் காட்சியைக் கண்டார். ஆடை மிதக்கும் பாலை, பெரிய டம்ளரில், கண்ணை மூடி ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தான் டிரைவர்.

பாய்ந்துபோய்ச் சட்டையைப் பிடித்தார்.

"பால் ஒத்துக்காதுன்னு என் பொண்டாட்டிகிட்ட கொஞ்சிட்டு, இங்க வந்து ஊத்திக்கிறியா? உங்களுக்குள்ள என்னடா நடக்குது?"

"அண்ணே, விடுங்க! எனக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும். உங்க வயித்துக் கோளாறைச் சொல்லி அண்ணி டாக்டர்கிட்ட கேட்டாங்க. பாலை நிறுத்திப் பாருங்கன்னாரு. வீட்டுல சொன்னதுக்கு, 'பால் குடிக்காதவன் மூட்டை தூக்குவானா'ன்னு நீங்க குதிச்சீங்களாம். 'தம்பி, நீ வந்து வாங்கு, பொறாமையில அவரே பிடுங்கிக் குடிப்பாரு'ன்னு அண்ணிதான் சொன்னாங்க."

பிடி தளர்ந்தது.

"நீங்களே சொல்லுங்கண்ணே, இந்த ஒரு வாரமா ஒரு மூட்டையையாவது பாதியில போட்டீங்களா?"