எந்தக் கோர்ட்டு?

கம்பெனித் தலைவர் பதவியிலிருந்து என்னைத் தூக்கியது செல்லாது என்று வழக்குப் போட்டேன். விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று மணிலா கோர்ட் தள்ளிவிட்டது.

வாசலில் மனு தட்டச்சு செய்யும் பெரியவர், "அரசாங்கம் சொத்தை முடக்கி வச்ச கம்பெனியாச்சே சார். அதுக்குன்னு இருக்கிற தனிக் கோர்ட்டுக்குல்ல போகணும்?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அப்படி ஒரு கம்பெனியில செயலாளரா இருந்தவன்தான். என்னைத் தூக்கினப்ப இங்கதான் வந்தேன். 'இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்ல'ன்னு எங்க கம்பெனித் தலைவரே நேர்ல வந்து நின்னு துரத்திட்டாரு. மேல அலையத் தெம்பில்ல. அது கிடக்கட்டும், உங்க மனுவை அடிச்சிடலாம்."

காகிதத்தைச் செருகினார். என் பெயரைக் கேட்கவே இல்லை. 'கிரிசாந்தோ வில்யாருவெல், முன்னாள் தலைவர்' என்று பிசகாமல் அடித்தார்.

அன்று இதே கோர்ட்டில் அவர் முகத்தை நான் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இன்றும் முடியவில்லை.