காரணக் கோடு

அந்தப் பெண்ணின் ஃபைல் இரண்டாவது முறையும் திரும்பி வந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பில்லிங் அறையில் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் கோடு அக்கா. டாக்டர் எழுதும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் 'எதற்காக' என்பதற்கு ஒரு நம்பர் உண்டு; அதற்குப் பெயர் 'கோடு' (code). அந்த நம்பரைப் போடுவதுதான் இருபது வருடமாக அவர் பிழைப்பு. மேனேஜருக்கும் அவர் அக்கா, கூரியர்காரருக்கும் அக்கா.

சாதாரணக் கொலஸ்ட்ரால் டெஸ்ட் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி வாயைத் திறக்காது. இது வேறு. பரம்பரையாக இறங்கும் கொழுப்பைத் தனியே பிரித்து அளக்கிற டெஸ்ட். அதன் விலை அந்தப் பெண்ணின் ஒன்றரை மாதச் சம்பளம்.

'சும்மா பார்த்துக்கொள்ள' என்ற கோட்டைப் போட்டால் கம்பெனி சல்லிக்காசு தராது. 'ரத்த உறவில் இளவயது மாரடைப்பு' என்ற கோட்டைப் போட்டால் முழுசாகத் தரும். ஒரே ரத்தம், ஒரே குழாய், ஒரே மெஷின். நாலு தலைமுறையாகக் கடை வைத்தவனுக்கும் இந்த வியாபாரம் பிடிபடாது.

அந்த இரண்டாவது கோட்டுக்குச் சாட்சி வேண்டும். செத்தவரின் இறப்புச் சான்றிதழ். அந்தப் பெண் அதை இணைக்கவில்லை.

போதாக்குறைக்கு, முதல் படிவத்தில் 'தந்தை: வெளிநாட்டில் வேலை' என்று எழுதியிருந்தாள். இரண்டாவதில், 'தந்தை: காலமானார்.'

பக்கத்து மேஜைக்காரி இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஃப்ளைட்ல இருந்து அப்படியே மேல போயிட்டாரு போலக்கா."

அக்கா ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முதல் தடவை 'சும்மா' கோட்டைப் போட்டு அனுப்பியவரே அக்காதான். மற்ற ஃபைலுக்கெல்லாம் ஒரு நிமிடமே அதிகம். இதற்கு மட்டும் தந்தை பெயர், முகவரி என்று கட்டம் கட்டமாகப் படித்து, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டுதான் போட்டார்.

மூன்றாவது தடவை அனுப்ப மாலை ஐந்து வரை நேரம். அதுவும் திரும்பினால் ஃபைல் மூடப்படும்; ஃபிரிட்ஜில் காத்திருக்கும் ரத்தம் குப்பைக்குப் போகும். கைக்காசு போட்டு டெஸ்ட் எடுக்க அந்தப் பெண்ணுக்கு வழியில்லை.

மணி நாலே முக்கால். அக்கா எழுந்து கவுண்டருக்குப் போனார். யாருக்காகவும் போகாதவர்.

அங்கே காத்திருந்த அந்தப் பெண்ணுக்கு இருபத்து நாலு வயது. இடது இமையில் மஞ்சளாக ஒரு சின்னத் திட்டு. அதைப் பார்த்துத்தான் டாக்டர் இந்த டெஸ்டையே எழுதியிருந்தார். அந்தத் திட்டுக்கும் கம்பெனியிடம் ஒரு கோடு உண்டு. அழகு சம்பந்தப்பட்டது என்று தள்ளிவிடுவார்கள்.

அக்கா அந்த இமையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

துணி வாங்க வந்தவர் நூலை இழுத்துப் பார்ப்பது போல ஒவ்வொரு கேள்வியாக இழுத்தார். அப்பா வெளிநாட்டிலா, இல்லையா? இல்லை, இறந்து ஏழு வருடம் ஆகிறது, மாரடைப்பு என்றாள். அப்படியானால் ஏன் அப்படி எழுதினாய்? பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து எந்தப் படிவத்திலும் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அம்மா பழக்கிவிட்டாராம். கை தானாக எழுதிவிட்டதாம்.

சரி, சான்றிதழ் எங்கே?

"அது அப்பாவோட வீட்ல, அவங்ககிட்ட இருக்கும் மேடம். அங்க போய்க் கேக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

'அவங்க' என்று சொன்னபோது அவள் குரலில் கோபமே இல்லை. பெரிய கடைக்குள் நுழையத் தயங்கி வாசலிலேயே நிற்கிறவர்களின் மரியாதைதான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

'சான்று இல்லை' என்று ஒரு டிக் போட்டால் முடிந்தது. ஒரு விரல் வேலை. ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சட்டம் அக்காவின் பக்கம். அது என்றைக்கும் அக்காவின் பக்கம்தான் இருந்திருக்கிறது.

அக்கா மூன்றாவது படிவத்தைத் திறந்தார். மாரடைப்புக் கோட்டைப் போட்டார். இறந்தபோது தந்தையின் வயது என்ன என்று கேட்டார்.

நாற்பத்தாறு என்றாள் அந்தப் பெண்.

அக்கா நாற்பத்தெட்டு என்று அடித்தார்.

"நாப்பத்தாறு மேடம்," என்றாள் அவள் மறுபடியும், தன் காசோலையில் பிழை கண்டவள் போலத் தயங்கித் தயங்கி.

"உங்கம்மாகிட்ட ரெண்டு வயசு குறைச்சுச் சொல்லியிருக்காரு," என்றார் அக்கா, தலை நிமிராமல்.

மூன்று வருடம் முன்பு தன் மகனுக்கு இதே டெஸ்ட் எடுத்தபோது கம்பெனிக்கு அனுப்பிய இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, அந்தப் பெண்ணின் ஃபைலோடு சேர்த்து அனுப்பினார்.

மகனுக்கு அப்போது ஒரு கோளாறும் இல்லை என்று வந்திருந்தது. அப்பாவிடமிருந்து வீடு வந்திருந்தது, கடை வந்திருந்தது, பேங்க்கில் இருந்ததும் வந்திருந்தது. அது மட்டும்தான் வரவில்லை.