நோவாவிலிருந்து ஒரு கோடு

"இந்தப் பெரியவருக்கு நூத்திருபது வயசுல மகன் பொறந்திருக்கான், எசமான்," என்றான் ஓவியன் ஹாமன்.

ஃபல்க் பிரபு குனிந்து பார்த்தார்.

கூடத்து மேசையின் நீளத்துக்கும் ஆட்டுத்தோல் சுருள் விரிந்து கிடந்தது. உச்சியில், ஊழிவெள்ளத்தில் தன் குடும்பத்தோடு மட்டும் தப்பிய நோவா, பேழையோடு. அங்கிருந்து கிளம்பிய சிவப்புக் கோடு, ட்ராய் நகரத்து இளவரசர்களைத் தொட்டு, கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்து, ஆளுக்கொரு வட்டமாக இறங்கி, கடைசியில் ஃபல்க் பிரபுவிடம் வந்து மூச்சு வாங்கியது.

புது ராஜாவின் வம்சச் சுருள் ஆதாமில் தொடங்குகிறது. மரியாதைக்கு ஒரு படி இறங்கி, பிரபு நோவாவோடு நிறுத்திக்கொண்டார். நோவாவின் வம்சத்தில் வராத மனிதர் உலகத்திலேயே கிடையாது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

அறுவடை முடிந்ததும் ராஜா இந்தப் பக்கம் வேட்டைக்கு வருகிறார். சாப்பாடு இந்தக் கூடத்தில்தான். அதற்குள் சுருள் சுவரில் ஏறியாக வேண்டும்.

பிரபுவின் சொந்தத் தாத்தா கம்பளி விற்றவர். அவர் கையிலும் ஹாமன் ஒரு வாளைக் கொடுத்திருந்தான்.

அவிஸ் சீமாட்டி மேசையின் கீழ்க்கோடியில் நின்றாள். அங்கே அவளுக்கு ஒரு வட்டம், கணவருக்கு ஒரு வட்டம். இரண்டிலிருந்தும் கீழே இறங்குவது ஒரே ஒரு கோடு. அதன் முனையில் ஆறு வயது ராபர்ட்.

அவள் பெற்றது இரண்டு.

மூத்தவன் லயனல் பழைய ராஜாவின் பக்கம் நின்றான். குருத்தோலை ஞாயிறன்று, பனி கொட்டக் கொட்ட நடந்த சண்டையில் விழுந்தான். வயது பத்தொன்பது. உடல் வீடு வரவில்லை.

ஜெயித்தவர்கள் அவனைத் துரோகி என்று அறிவித்தார்கள். அந்தப் பெயரை இந்த வீட்டில் யாராவது எடுத்தால் நிலம் போகும், ராபர்ட் நடுத்தெருவில் நிற்பான் என்று பிரபு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து யாரும் எடுக்கவில்லை. பூசையில்கூட இல்லை.

இன்று காலை அவள் கணவரிடம் கேட்டுப் பார்த்தாள். பெயர் வேண்டாம். ராபர்ட்டுக்குப் பக்கத்தில் வெறும் வட்டம் ஒன்று.

"வெறும் வட்டத்தைப் பார்த்தா ராஜா யாருன்னு கேப்பார், அவிஸ்," என்றார் அவர். பேச்சு அத்தோடு முடிந்தது.

அவருக்கும் மூத்தவனுக்கும் முதலிலிருந்தே ஆகாது. சின்ன வயதில் அவன் இடது கையால் கரண்டி பிடித்தான் என்று, ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் கையை நாற்காலியோடு கட்டிப்போட்டுச் சாப்பிட வைத்தார். "நம்ம வம்சத்துல நொட்டாங்கைக்காரன் கிடையாது" என்பார். பையன் அழாமல் பார்த்துக்கொண்டிருப்பான். கட்டை அவிழ்த்ததும் மறுபடியும் இடது கைதான்.

"அந்தப் பெரியவருக்கும் மகனுக்கும் நடுவுல ஒரு தலைமுறையைச் சொருகிட்டா வயசு சரியாப் போயிடும்," என்றான் ஹாமன். "ஒரு பேர் மட்டும் சொல்லுங்க."

"இவ்வளவு நேரம் உனக்குத் தோணினதைத்தானே போட்டே. இதுக்கு மட்டும் என்ன?"

"கைவசம் இருந்த பேரெல்லாம் தீர்ந்துபோச்சு எசமான். ஆத்துக்கு அந்தப்பக்கத்துப் பிரபுவுக்கும் போன மாசம் நான்தானே நோவாவைப் புடிச்சுக் குடுத்தேன்."

"லயனல்," என்றாள் அவிஸ்.



பிரபு குனிந்தவர் நிமிரவில்லை.

ஹாமன் வெளியூர்க்காரன். அவனுக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். கவராயத்தை ஊன்றி, இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் ஒரு வட்டத்தைச் சுழற்றினான்.

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே இப்படியெல்லாம் பேர் வெச்சாங்களாம்மா?"

"வெச்சாங்க."

அழி என்று கணவர் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். ஹாமன் பெயரை எழுதி முடித்தான். மை காயத் தொடங்கியது.

"இவருக்குப் பிள்ளை உண்டா?" என்று கேட்டாள்.

"நல்லா கேட்டீங்க போங்க. பிள்ளை இருந்தாத்தானே கோடு கீழ இறங்கும்? நம்ம எசமான், சின்னவர் ராபர்ட், எல்லாருமே இவர் வழியில வந்தவங்கதான்."

"எத்தனை வயசு வரைக்கும் இருந்தார்?"

"எழுபதாவது இருந்தாத்தான் மேலயும் கீழயும் ஒட்டும்."

"எழுபது," என்று அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

வட்டத்துக்குள் ஒரு முகம் வந்தது. சரியாக மீசைகூட முளைக்காமல் போனவனுக்கு ஹாமன் வெள்ளைத் தாடி வரைந்தான். நெற்றியில் சுருக்கம் போட்டான். அவள் அருகே போய், அந்தக் கிழவரைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

பிறகு உடம்பு. பிறகு, எல்லாருக்கும் போல, வலது கைப்பக்கம் வாளுக்கு மெல்லிசாக ஒரு கோடு.

"வாளைக் கை மாத்து," என்றார் பிரபு.

அவிஸ் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் குனிந்தேதான் இருந்தார்.

"எசமான்?"

"இடது கையில குடு."

ஹாமன் தூரிகையோடு தலையைச் சொறிந்தான். "பார்க்குறவங்க நான் தூக்கத்துல வரைஞ்சேன்னு சிரிப்பாங்களே. மேல இருந்து கீழ வரைக்கும் பாருங்க. உங்க வம்சத்துல நொட்டாங்கைக்காரர் ஒருத்தர்கூட இல்லை."

"ஒருத்தன் இருந்தான்," என்றார் பிரபு.